அக்கா கவிழ்க்க மறுத்த படகு

எங்கள் அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் தம்பியின் வணக்கம். இந்த நினைவு மலரின் அட்டைக்கு, ஆளில்லாத படகு மறையும் சூரியனை நோக்கிப் போகும் படத்தை அச்சகத்தில் காட்டினார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் கடலில் சூரியன் மறைவதில்லை, உதிக்கத்தான் செய்யும். அக்கா இருந்திருந்தால் அந்தப் படத்தைக் கிழித்தே போட்டிருப்பார்.

அக்கா பிறந்தது அனுமந்தையில். எட்டாவதோடு படிப்பு நின்றது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய கைதான் ஊர்ப் படகுகளில் பெயர் எழுதியது, மீன் வரைந்தது. "பொம்பள கை பட்டா படகு வெளங்காது" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதையெல்லாம் மீறித் தன் படகை முதலில் கொடுத்தவரே பின்னால் எனக்கு மாமா ஆனார்.

சுனாமியில் மாமா போய்விட்டார். மூன்றாம் நாள் அவர் படகு சவுக்குத் தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. அதன்பின் பல மாதங்கள் அக்கா பிரஷ்ஷைத் தொடவில்லை.

மறு வருடம் ஒரு தொண்டு நிறுவனம் ஊரில் சமுதாயக்கூடம் கட்டியது. சுவரில் நினைவுப் படம் வரைய அக்காவை அழைத்தார்கள். அந்த நிறுவனத்தின் அதிகாரி கொடுத்த மாதிரியில் கவிழ்ந்த படகின் அருகே தலைவிரித்து அழும் ஒரு பெண் இருந்தாள்.

"இத பாத்தாதாம்மா மனசு உருகும்" என்றார் அவர்.

"எங்க வீட்டுக்காரர் படகு கவுந்து கெடந்தத நான் பாத்துட்டேன் சார். அதையே தெனம் பாத்துக்கினு எங்க புள்ளைங்க கடலுக்குப் போவணுமா?"

அக்கா வரைந்த படகு அலைமேல் மூக்கைத் தூக்கி நின்றது. அதில் மாமா இருந்தார். உப்பளத்துப் பெண்களும் ஏறியிருந்தார்கள். அதற்குள் அக்காவுக்கு வந்திருந்த புற்றுநோய் முற்றிவிட்டிருந்தது. கடைசிப் பகுதியை நாற்காலியில் உட்கார்ந்துதான் முடித்தார்.

"நாங்க கேட்டது இது இல்லம்மா. மேல சுண்ணாம்பு அடிச்சிடுவோம்" என்றார் அதிகாரி.

"அடிங்க சார். காஞ்சதும் திரும்ப வரைவேன்."

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அக்காவோடு மாற்றி மாற்றி இருந்த உப்பளத் தோழிகளுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சுண்ணாம்பு அடிக்க அனுப்பப்பட்ட கூனிமேட்டு பாய், படத்தை வெகுநேரம் பார்த்தார். "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அவருக்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை.