ஆத்தாளிடம் நான் பேசிய பேரம்

இருக்கன்குடி மாரியம்மனை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோருக்கும் ஒரு மகளாக இதை எழுதுகிறேன். என் பெயர் மாரீஸ்வரி. ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம்.

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை மதியம் என் அம்மாவின் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலையில் வெயிலில் காயப்போட்டிருந்த மத்தாப்பு குப்பென்று பற்றி முகத்தில் அடித்துவிட்டது. அந்த நேரத்தில் நான் விருதுநகரில், கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்திய மேடம் வீட்டில் இருந்தேன். அவர்களுடைய கணினி முன்னால் உட்கார்ந்து, டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நேர்காணல் கொடுத்துக்கொண்டிருந்தேன். எம்.ஏ. அரசியல் அறிவியல். மூன்றாவது வருட முயற்சி.

அந்தப் படிப்பு மேல் எனக்கு இருந்த ஏக்கத்தை எப்படிச் சொல்வது! பி.ஏ. முடித்த பிறகு நானும் ஒரு பட்டாசு கம்பெனியில் லேபிள் ஒட்டப் போனேன். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் டெல்லிப் பாடத்திட்டத்தைத் தாளில் எடுத்து, நான்காக மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்திருப்பேன். பதினோரு மணி டீக்கு விடும்போது விரித்துப் பார்ப்பேன். அரசு, குடியுரிமை, நீதி. வெறும் தலைப்புகள்தான். பசிக்கிறவள் அடுத்த வீட்டுச் சமையல் வாசனையைப் பிடிக்கிற மாதிரி அதைப் படிப்பேன். முதல் வருடம் நுழைவுத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. இரண்டாம் வருடம் காத்திருப்போர் பட்டியல் வரை போய் நின்றுவிட்டது. அந்த இரண்டு தடவையும் யாருக்கும் தெரியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு மனு எழுதிக்கொடுத்து, திங்கட்கிழமைகளில் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குக் கூடப் போவேன். அதைச் சொன்னேன். "பதில் வராத மனுவை எடுத்துக்கொண்டு இவர்கள் மறுபடியும் மறுபடியும் வருகிறார்கள். எதை நம்பி வருகிறார்கள்? அதைத்தான் படிக்க வேண்டும்" என்றேன். திரையில் இருந்த மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கிடைத்துவிடும் என்று என் நெஞ்சு சொன்னது.

எழுந்து போனை எடுத்தால் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்புகள்.

அம்மாவை மதுரைக்குக் கொண்டு போய்விட்டார்கள். நான் விருதுநகரிலேயே பஸ் ஏறினேன். எனக்கு அப்பா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா மட்டும்தான். கண்ணுக்கு ஏதாவது என்றால் இருக்கன்குடி ஆத்தாளிடம் வேண்டிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினேன். "தாயே, எனக்கு டெல்லி வேண்டாம். படிப்பே வேண்டாம். எடுத்துக்கோ. எங்க அம்மாவுக்குக் கண்ணைக் குடுத்துரு."

சொல்லி முடித்ததும் மனசு வெறுமையாகிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கண்ணில் கட்டோடு அம்மா தினமும் கேட்கும். "இன்டர்வியூ நல்லா சொன்னியா மாரி?" நான் பேச்சை மாற்றிவிடுவேன். மேடம் போன் பண்ணினால் எடுக்கமாட்டேன். பையில் இருந்த தாளைக் கிழிக்க ஒருநாள் கையில் எடுத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. மறுபடியும் மடித்து வைத்தேன். ஆத்தாளை ஏமாற்றுகிறோமோ என்று பயமாக இருந்தது.

ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலையில் கட்டை அவிழ்த்தார்கள். அம்மா வலது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னையே பார்த்தது. "ஏ மாரி, ஏன் இம்புட்டு இளைச்சுப் போயிட்ட?" என்றது. இடது கண்ணில் நிழல்தான் தெரியும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலது கண் நன்றாகிவிட்டது. அந்தத் தரையிலேயே விழுந்து கும்பிட்டேன்.

அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை வாங்க நான் வரிசையில் நின்றபோது மேடம் போன் பண்ணியிருக்கிறார்கள். போன் அம்மா கையில் இருந்தது. திரும்பி வந்தேன். அம்மா முகம் சிவந்திருந்தது.

"இடம் கிடைச்சிருச்சாம்ல. சம்மதம்னு இன்னைக்குள்ள சொல்லணுமாம். நீ போனே எடுக்கலைன்னு அந்த அம்மா அழுகாத குறையாச் சொல்றாக. என்ன நெனச்சுக்கிட்டு இருக்க நீ?"

மறைக்க முடியவில்லை. பஸ்ஸில் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன்.

"ஆத்தா உன்கிட்டக் கேட்டாளா, உன் படிப்பக் குடுன்னு?"

"கேக்கல."

"நீயாத்தான சொன்ன? பெத்த பிள்ளையோட ஆசையப் பிடுங்கிக்கிட்டா அவ கண்ணு குடுப்பா? அவளை என்னன்னு நெனச்ச?"

"சொன்னதை மீறக்கூடாதும்மா. உனக்கு மறுபடி ஏதாவது ஆயிட்டா..."

"அப்ப அவகிட்டயே போய்க் கேப்போம். கிளம்பு."

மதுரையிலிருந்து சாத்தூர், அங்கிருந்து இருக்கன்குடி. போய்ச் சேரும்போது மணி நாலு. வெள்ளிக்கிழமைக் கூட்டம். அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சன்னதிக்கு நேராக நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசியது.

"ஆத்தா, இது பயத்துல என்னமோ உளறிருச்சு. கண்ணு என்னோடது. அதுக்கு நன்றி சொல்ல வேண்டியவ நான். ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்தே வந்து மாவிளக்கு எடுக்கேன். எம் பிள்ள படிப்ப அதுகிட்டயே திருப்பிக் குடுத்துரு. நீயும் பொம்பளைதான, உனக்குத் தெரியாதா?"

பூசாரி தீபத்தைக் காட்டிவிட்டு, அம்மன் தோளில் கிடந்த வேப்பிலை மாலையை எடுத்தார். கேட்காமலேயே என் கழுத்தில் போட்டார். எத்தனை பேர் நின்றார்கள் அங்கே! நான் யார் என்றோ எதற்கு வந்தேன் என்றோ அவருக்குத் தெரியாது. இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் அப்போது இறங்கியது. நம்பாதவர்கள் அதைத் தற்செயல் என்று சொல்லலாம். எனக்குத் தெரியும்.

ஆற்றங்கரைப் பக்கம் வந்து போனைத் திறந்தோம். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் பக்கம் திறந்ததும் அம்மா குனிந்து பார்த்து, "எதை அமுக்கணும்?" என்றது. சம்மதம் என்று இருந்த இடத்தைக் காட்டினேன். அம்மாவே அமுக்கியது.

இப்போது டெல்லி விடுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா பட்டாசு வேலைக்குப் போவதில்லை. சத்துணவுக் கூடத்தில் சமையலுக்கு உதவியாக இருக்கிறது. ஆடி கடைசி வெள்ளிக்கு என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. அன்று வகுப்பில் உடம்பு மட்டும்தான் இருந்தது. சாயங்காலம் அம்மா போன் பண்ணியது. பின்னால் ஒரே குலவைச் சத்தம், மேளம்.

"ஆத்தாகிட்ட என்னம்மா கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல மாரி. அங்கன நின்னு அவளைப் பாத்துக்கிட்டே இருந்தேன். போதும்னு இருந்துச்சு."

ஊரை நினைத்து அழுகிற நாள் இங்கே எனக்கு நிறைய உண்டு. ஆனால் பயந்து அழுவதில்லை. நேர்த்திக்கடனைச் செய்யுங்கள், நன்றியாகச் செய்யுங்கள். உங்களுக்கும் மனசில் ஓர் ஏக்கம் இருக்கும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பீர்கள். அதை அவளிடம் கொண்டுபோய் அப்படியே சொல்லுங்கள். பதிலுக்கு எதை இழப்பது என்று கணக்குப் போடாதீர்கள். அவள் வியாபாரி இல்லை. தாய்.