அவன் எங்க காலேஜ் பையன்

ஜெர்மனியில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து போட்டபடியே சாப்பிடப் போய்விடுவார்கள். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, "கன்ஸ்ட் டூ குர்ட்ஸ் அவுஃப்பாஸன்?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா என்று அர்த்தம். அவரும் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். தென்காசி பஸ் ஸ்டாண்டில் பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து பழகிய எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். என்னிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஒட்டி உட்கார்ந்திருப்பவன் நான்தான். எழுந்து நின்று என்னைப் பார்ப்பார்கள், லேசாகச் சிரிப்பார்கள், பிறகு என் தலைக்கு மேலாக அடுத்த மேசைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றரை வருஷத்தில் ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. இதற்காக யாரோடு சண்டை போடுவது? அடித்தார்களா, வைதார்களா? ஒன்றுமில்லை. நம்பிப் பொருளை ஒப்படைக்கவில்லை, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் ஊர் ராயகிரியிலிருந்து என் சித்தப்பா போன் செய்யும்போதெல்லாம் இதைத்தான் கேட்பார். வயல் வேலைக்கு நடுவில் பேசுவார், பின்னால் பம்ப்செட் சத்தம் கேட்கும். "ஏலே செல்வா, அங்கன கலர் பாத்து ஒதுக்குதாங்களாமே, நெசமாலே?" நான், "அப்படில்லாம் ஒண்ணுமில்ல சித்தப்பா, நல்லாத்தான் நடத்துதாங்க" என்பேன். அது முழுப் பொய்யும் அல்ல. பேராசிரியர் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார். தாழ்வாரத்தில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகம் ஒரு படிவம் அனுப்பி, இந்த வளாகத்தில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டது. நான்கு என்று குறித்தேன். அந்த மீதி ஒன்றை எப்படி விளக்குவது? மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் துணி துவைக்கப் போகிறேன் என்று எழுதுவதா? கடையில் எதையும் வாங்காமல் வெளியே வரும்போது இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொள்கிறேன் என்று எழுதுவதா? இதைப் படிக்கும், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் அந்தக் கை வைத்தியம் தெரியும்.

போன மாசி மாதம் ஒரு மத்தியானம், நூலகத்தில் ஒருவனுடைய மடிக்கணினியைக் காணோம். வளாகக் காவலாளி வந்தார். நாலு மேசைகளைக் கடந்து நேராக என்னிடம் வந்து நின்றார். "ரூக்ஸாக், பிட்டே" என்றார். பையைத் திற என்று பொருள். குரலில் கோபமில்லை, பிட்டே என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு ஜிப் திறக்க வரவில்லை. சுற்றியிருந்த முப்பது நாற்பது பேரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார்கள். எடுக்காத பொருள் என் பைக்குள்ளிருந்து வந்துவிடுமோ என்றுகூட அந்த நேரத்தில் பயந்தேன். அப்போது எதிர் வரிசையிலிருந்து லேனா எழுந்தாள். என்னோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்பவள், அதற்குமேல் பெரிய பழக்கம் கிடையாது. "இவன் காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறான். ஏர் கெஹோர்ட் ட்சூ உன்ஸ்" என்றாள். இவன் எங்களைச் சேர்ந்தவன் என்று அதற்கு அர்த்தம். காவலாளி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில், கணினிக்காரனே அதைக் காபி இயந்திரத்தின் மேல் மறந்து வைத்துவிட்டுத் தேடியிருக்கிறான் என்று தெரிந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் லேனாவிடம் நன்றி சொன்னேன். இரவெல்லாம் யோசித்துத் தயார் செய்த ஜெர்மன் வாக்கியம். அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு?" என்றாள். "நேற்றைக்கு" என்றேன். "ஓ, நேற்று நீ வாங்கிப்போன சார்ஜரா? திங்கட்கிழமை கொடுத்தால் போதும், வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்துக்கொண்டாள். தன்னடக்கமெல்லாம் இல்லை, உண்மையிலேயே அவளுக்கு அது நினைவில் நிற்கிற காரியமாக இல்லை. தெரிந்தவனைத் தெரியும் என்று சொன்னாள், முடிந்தது. அதுதான் என்னைப் போட்டு அறுத்தது. காவலாளி பையைத் திறக்கச் சொன்னதை ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். லேனா சொன்ன ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அதே வரியை, தமிழில், நான் ஒருநாள் சொல்லியிருக்க வேண்டும்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தேன். நான் நல்ல கறுப்பு. முதல் வருஷம் விடுதி முழுக்க எனக்குப் பெயர் கருவாயன். மெஸ்ஸில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால், "ஏ கருவாயா, பல்லக் காட்டிட்டு வாலே, இருட்டா இருக்கு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு பெயர் சேரும். இரண்டாம் வருஷம் டான்சானியாவிலிருந்து ஃபராஜி வந்து சேர்ந்தான். எதிர் அறை. ஒரே வாரத்தில் அந்தப் பெயர் என்னைவிட்டு இறங்கி அவன்மேல் ஏறிக்கொண்டது. நான் செல்வா ஆனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷம். அவனை அந்தப் பெயரால் முதலில் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அவன் அதை ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து, "என்னலே?" என்று நம் ஊர்க்காரன்போலத் திரும்பிப் பார்ப்பான். சாப்பிட்டியா, லே, அண்ணாச்சி என்று கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். எனக்குத் திரவ இயக்கவியல் சொல்லிக்கொடுத்துப் பாஸ் பண்ண வைத்தவனும் அவன்தான்.

அடுத்து வந்த ஆனியில் சாரல் நன்றாக இருந்தது. அதே நாட்களில் எல்லோருடைய போனிலும் ஒரு செய்தி சுற்றியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார்கள், பாஷை தெரியாத ஆள் யாரைப் பார்த்தாலும் விடாதீர்கள் என்று. நாங்களும் படித்தோம், நாங்களும் நாலு பேருக்கு அனுப்பினோம். ஒரு சனிக்கிழமை நானும் என் அறைத்தோழன் இசக்கிமுத்துவும் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். உடம்பெல்லாம் எண்ணெய், தலையில் துண்டு, குளிக்க வரிசையில் நிற்கிறோம். ஃபராஜி தனியாக வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. படிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை அம்மாவைக் காணாமல் அழுதிருக்கிறது. இவன் கையிலிருந்த மங்குஸ்தான் பழத்தைக் கொடுத்து, கூட்டத்துக்கு மேலே தெரியட்டும் என்று அதைத் தூக்கித் தோளில் வைத்திருக்கிறான். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது ஒரு பெண், "ஏய், எம்புள்ளய வுடுலே!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவ்வளவுதான். ஈர வேட்டியும் துண்டுமாகப் பத்துப் பதினைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருலே நீ? எங்கன இருந்துலே வந்தே?" முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். பாஷை தெரியாத ஆள் என்பது உறுதியாகிவிட்டது. பிறகுதான் அவனுக்குத் தமிழ் வந்தது. "அண்ணாச்சி, நான் காலேஜ். அண்ணாச்சி, காலேஜ்!" அருவி இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அடையாள அட்டையை யாரும் அருவிக்குக் கொண்டுபோவதில்லை, அது விடுதியில் கிடந்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அண்ணாச்சி, அவன் எங்க காலேஜ் பையன் என்று சொல்ல வேண்டும். ஐந்து வார்த்தை. வாயைத் திறந்தேன். இசக்கிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "வாய மூடிட்டு நில்லுலே. நம்மளையும் சேத்து வெளுத்துருவாங்க." அவன் சொன்னது காரணமாகக் கிடைத்தது, நான் பிடித்துக்கொண்டேன். அடிக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மைதான். அவன் பக்கத்தில் போய் நின்றால் இரண்டு கறுப்பர்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அந்தப் பெயர் திரும்ப என்மேல் ஏறிவிடும் என்று மனதின் ஒரு மூலையில் ஓடியது. இத்தனை கேவலமான கணக்கு அத்தனை சீக்கிரத்தில் ஓடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் சட்டை கிழிந்தது. உதட்டில் ரத்தம். தலையைத் திருப்பி ஒருதரம் எங்கள் பக்கம் பார்த்தான். என் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. நான் துண்டை முகத்துக்கு இழுத்துத் தலை துவட்டுவதுபோல நின்றேன், இன்னும் குளிக்கவே இல்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் நாங்கள் குளித்தோம். ஆமாம், குளித்துவிட்டுத்தான் வந்தோம்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து ஆள் போய் அவனை அழைத்து வந்தார்கள். நானும் இசக்கிமுத்துவும் அறையில் இருந்தோம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. "செல்வா" என்றான் ஃபராஜி. இசக்கிமுத்து ஃபேனை அணைத்தான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டினான், "செல்வா, இருக்கியாலே?" நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். ஏன் சும்மா நின்றாய் என்று கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது முறை தட்டவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். நான் அதற்குப்பின் அவன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. எட்டு வருஷம் ஆகிறது. இங்கே யாராவது என்னைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் பேசும்போதெல்லாம், கிழிந்த சட்டையோடு அவன் பார்த்த அந்தப் பார்வை எதிரில் வந்து நிற்கும். என்னை ஒதுக்குகிறார்கள் என்று கோபப்பட வாயெடுத்தால் அதுவே வந்து அடைக்கும்.

லேனா எழுந்து நின்ற நாளுக்குப் பிறகு தாங்கவில்லை. இணையத்தில் தேடி அவனைக் கண்டுபிடித்தேன். சொந்த நாட்டில் ஏரிக்கரை நகரம் ஒன்றில் குடிநீர்த் திட்டத்தில் பொறியாளராக இருக்கிறான். "எதிர் அறை செல்வா. ஐந்தருவியில் உனக்கு நடந்ததை நினைக்காத நாளில்லை. என்னை மன்னித்துவிடு" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்குமேல் எழுத வேண்டியதில்லை, அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நினைத்தேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. நீளமான, சிரித்த முகமான பதில். மங்குஸ்தான் பற்றி மகளிடம் சொல்லியிருக்கிறானாம், அவள் நம்பவில்லையாம். பிறகு இப்படி எழுதியிருந்தான்: "நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்? நீ அங்கே இல்லையே. அடி விழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர், ஒரு முகமும் தெரியவில்லை. நம் காலேஜ் பையன் ஒருத்தன் அங்கே இருந்திருந்தால் போதும், சொல்லிக் காப்பாற்றியிருப்பான், என் நேரம் யாரும் இல்லை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அறைச் சாவியும் தொலைந்துவிட்டது. மாற்றுச் சட்டை கேட்க உன் கதவைத்தான் தட்டினேன். நீ ராயகிரிக்குப் போயிருந்தாய் போல."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. எட்டு வருஷமாக நான் பயந்து ஓடிக்கொண்டிருந்த பார்வையில் நான் இல்லவே இல்லை. அவன் மனதில் நான் நல்லவன், ஊருக்குப் போயிருந்தவன். அப்படியே இருந்துவிடலாம். ஆமாம், ஊருக்குப் போயிருந்தேன் என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது, அவனுக்கும் மனம் நோகாது. மூன்று நாள் அந்த வரியை எழுதி எழுதி அழித்தேன். இந்த முறை வாயை மூடு என்று என் கையைப் பிடித்துக்கொள்ள இசக்கிமுத்துகூடப் பக்கத்தில் இல்லை. நான்காம் நாள் எழுதினேன்: "ஃபராஜி, நம் காலேஜ் பையன் ஒருத்தன் அங்கே இருந்தான். நான்தான். பத்தடி தூரத்தில்."

பார்த்துவிட்டான் என்று திரை காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வரி வந்தது. "அப்படியானால் சாயங்காலம் அறைக்குள்ளேயும் இருந்தாயா?"

"இருந்தேன்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

இப்போது மறுபடி ஆனி. எங்கள் பழைய வகுப்புக் குழுவில் சாரல் விழத் தொடங்கிவிட்டதென்று ஐந்தருவி வீடியோ வந்திருக்கிறது. நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். கீழே எல்லோரும், "செல்வா, ஜெர்மனிலே இதெல்லாம் கெடைக்குமாலே? எப்பம் வருதே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆய்வகத்து ஜன்னலோரம் நின்று அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லேனா எட்டிப் பார்த்து, "உன் ஊரா? எவ்வளவு அழகான அருவி!" என்றாள். நான் அருவியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் தலையில் துண்டோடு நிற்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.