ஒரே அறையில் என்னோடு வளர்ந்த ரீட்டா அக்கா

அந்தச் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அலுவலகத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் சந்திராவின் பெயர் தெரிந்தது. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் சிங்களப் பெண்மணி அவர். என் இலக்கத்தை அக்கா ஒரு அவசரத்துக்கென்று அவரிடம் கொடுத்து வைத்திருந்தார். ஒருநாளும் அவர் என்னை அழைத்ததில்லை. பார்சலைத் தள்ளிவைத்துவிட்டு எடுத்தேன். “மல்லி, ரீட்டா அக்கா பேசுறா இல்ல. கெதியா வாங்க” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

பம்பலப்பிட்டியிலிருந்து முச்சக்கர வண்டியில் போனேன். வழியில் மூன்று முறை அழைத்தேன். முதல் இரண்டு முறையும் சந்திரா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். மூன்றாவது முறை வேறு யாரோ எடுத்து, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை. கொள்ளுப்பிட்டிச் சந்தியில் வாகனங்கள் அசையாமல் நின்றன. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வானொலியை நிறுத்தினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பின்னேர வேலைக்குப் புறப்பட்டுத் தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும் உங்களில் பெரும்பாலானோர் அவரைப் பாமசி ரீட்டா என்றுதான் அறிவீர்கள். மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடம் நின்றவர். அங்கே அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அவர் மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டார். மருந்துத் துண்டை வாங்கிப் படிப்பார், உள்ளே போவார், கடதாசிப் பையில் போட்டு மடித்துக்கொண்டு வருவார். கேட்கவேண்டியது ஏதும் இருந்தால் கவுண்டர் ஓரத்துக்கு உங்களைக் கூப்பிட்டு, குனிந்து, மெல்லக் கேட்பார். ஒருநாள் நான் அங்கே நின்றபோது ஒரு புதுப் பெண், வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் இருக்கும், வரிசையில் நின்ற ஒருவரிடம் உரத்த குரலில் என்ன வருத்தம், என்ன நோய் என்று விசாரித்துவிட்டாள். அந்த மனிதர் தனக்கில்லை, கூட்டாளிக்கு என்று சொல்லிவிட்டு மருந்து வாங்காமலே போய்விட்டார். அக்கா அவளை ஏசவில்லை. “சத்தமாக் கேட்டா ஆக்கள் சத்தமாப் பொய் சொல்லுவினம், பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

இந்தக் குணம் அவருக்குப் பாமசியில் வந்ததல்ல. எங்கள் வீட்டு அறையில் வந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இரண்டு அறைகள்தான். தெருவைப் பார்த்த முன் அறையில் அப்பாவும் அம்மாவும். உள் அறையில் அக்காவும் நானும். எனக்குப் பன்னிரண்டு வயதும் அக்காவுக்குப் பதினாறும் ஆனபோது அம்மா கவலைப்படத் தொடங்கினார். பூசை முடிந்து வந்த ஒரு சொந்தக்காரி, வளர்ந்த பெடியனையும் பெட்டையையும் இன்னும் ஒரே அறையில் படுக்கவிடலாமா என்று கேட்டுவிட்டுப் போனதுதான் தொடக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் துறைமுகத்து நண்பர் ஒருவரும் உடுப்பு அலுமாரியைத் தூக்கி அறையின் நடுவில் வைத்தார்கள். அது அறையின் பாதி நீளத்துக்குத்தான் வந்தது. மிச்சத்துக்கு அம்மா ஒரு பழைய சேலையைக் கட்டினார்.

எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அக்காவுக்கு அப்படியில்லை. ஜன்னல் என் பக்கம் போய்விட்டது. அவர் பக்கம் பகலிலும் இருட்டு. அவர் அதைப் பற்றி முறையிட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரேயொரு சட்டம் மட்டும் போட்டார். “சுவர் இல்லாட்டிப் பரவாயில்லை. சொல்லிட்டு வா.” நான் அலுமாரியில் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகவேண்டும். அவரும் தட்டுவார். வயதில் இளைய தம்பியிடம் அனுமதி கேட்க அவர் வெட்கப்பட்டதில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது, நான் முன் அறைக்குப் போய்விடுவதுதான் முறை என்று அம்மா முடிவு செய்தார். ஆனால் அப்போது யுத்த காலம். விடியற்காலையில் ஆமியும் பொலிசும் தெருவைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தட்டுவார்கள். முன் அறையில் ஒரு தமிழ் இளைஞன் படுத்திருந்தால் கதவு திறந்ததும் முதலில் அவனைத்தான் காண்பார்கள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேரை அப்படிக் கொண்டுபோனார்கள். ஒருவர் ஒரு மாதம் கழித்து வந்தார். மற்றவரின் தாய் நெடுங்காலம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். நான் உள்ளேயே இருக்கட்டும் என்று சொன்னது அக்காதான். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தன் அறையில் பாதியை என் உயிருக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை. வெளியே போகவேண்டாம் என்ற நிம்மதி மட்டுமே இருந்தது.

ஒருநாள் எங்கள் கதவையும் தட்டினார்கள். அப்பா வேலையில். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிசில் பதிந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு அக்கா முன்னே போனார். ஒரு அதிகாரி உள் அறைவரை வந்தார். இரண்டு கட்டில்களையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எதையோ கேட்டார். கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்கியது; உடம்பெல்லாம் கூசியது. அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “மகே மல்லி” என்றார். என் தம்பி. பத்திரத்தில் என் பெயருக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு, அதிகாரி குனிந்து வாசிக்கும்வரை அப்படியே நின்றார். அவர்கள் போன பிறகு குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். கோப்பை பல்லில் மோதும் சத்தம் எனக்குக் கேட்டது.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு இருபத்துநாலு வயதில் ஒரு கலியாணம் பேசி வந்தது. முகத்துவாரத்தில் நல்ல குடும்பம். மாப்பிள்ளை ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுதுவினைஞர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் தாயும் மகனும் இரண்டு உறவினரும் வந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. போகும் நேரத்தில் தாய் கைகழுவ எழும்பி, வழியில் எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு கட்டில்கள், நடுவில் அலுமாரி, கொடியில் என் சேட். இது யாருடைய அறை என்று கேட்டார். மகள் தனியத்தான் படுக்கிறவள், மகன் முன் அறையில் என்று அம்மா அவசரமாகச் சொன்னார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த அக்கா நின்றார். “இல்லை, மாமி. தம்பியும் இதுக்குள்ளதான். வெளியில படுத்தா அவனைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மாப்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் சாதகமான பதில் இல்லை என்று ஆள்மூலம் தெரியவந்தது. அதற்குப் பிறகும் சில இடங்களில் பேசினார்கள். அக்கா எதற்கும் இணங்கவில்லை. அம்மா இறக்கும்வரை அந்தச் சனிக்கிழமையைச் சொல்லி அழுவார். நான் அழவில்லை. ஆனால் என்னால்தான் அக்கா தனியாக நிற்கிறார் என்ற எண்ணம் அன்று முதல் எனக்குள் இருந்தது. என் கலியாணத்தன்று, அவர் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபோதுகூட அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

காலம் அதே கேள்வியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தது. நானும் மனைவி செல்வியும் வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் உள்ள ஒரு தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். ஒன்று எங்களுக்கு, மற்றது பிள்ளைகளுக்கு. மகள் அனெட்டுக்குப் பதினைந்து வயது, மகன் ஜோயலுக்குப் பன்னிரண்டு. சென்ற வருடம் அனெட் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். குளியலறையில் நீண்ட நேரம் இருந்தாள். ஒருநாள் ஜோயல் கதவைத் திறந்ததற்காக அவள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். செல்வி நிதானமானவள்; வயது அப்படி, ஒரு வழி பார்க்கலாம் என்றாள். நான்தான் நிதானமிழந்தேன். அனெட்டின் வாழ்க்கையையும் யாரோ ஒருநாள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜோயலை விடுதியில் சேர்க்கலாம் என்று ஒரு வாரம், அனெட்டை அக்கா வீட்டில் விடலாம் என்று இன்னொரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அக்காவுக்கு அழைத்து, அனெட்டைக் கொஞ்சக் காலம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

“அவள் கேட்டவளோ?” என்றார் அக்கா.

இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

மீன் அடைத்த மாலுப்பாண் பையோடு வந்தார். எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு முதலில் அனெட்டோடும் பிறகு ஜோயலோடும் இருந்தார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. நான் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்தேன். அக்கா தரையில் இருந்தார், பிள்ளை கட்டிலில். பேச்சே கேட்கவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்திருக்கிறார். அந்த மௌனம் எனக்குப் பெரிய அந்தரமாக இருந்தது. செல்வி என்னைக் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

அக்கா வெளியே வந்து சொன்னது எளிமையானது. அனெட் தம்பியை வெறுக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் தனியாக நிற்க அவளுக்கு ஒரு இடம் வேண்டும். ஜோயல் தன்னை விடுதிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுவிட்டு, இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த இரண்டாவது செய்தி எங்கள் இருவருக்கும் தெரியாது. செல்வி எழும்பிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

“உங்கட அறையை அவளுக்குக் குடுங்கோ” என்றார் அக்கா. “நீங்க ரெண்டு பேரும் முன் ஹோல்ல படுங்கோ. இப்ப உங்களை ஆரும் வந்து பிடிக்கமாட்டாங்கள்.”

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குள் ஒரு யோசனை. அக்கா வற்புறுத்தவில்லை.

பின்னேரம் அவரைப் பிரதான வீதியான காலி வீதிக்கு பஸ் ஏற்றக் கூட்டிப் போனேன். முப்பத்திரண்டு வருடம் கேட்காததை அங்கேதான் கேட்டேன். அந்தக் கலியாணம் என்னால்தானே நின்றது என்றேன். வாகனச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லவேண்டியிருந்தது.

“அவர் நல்ல ஆள்தான்” என்றார் அக்கா. “ஆனா, நான் சொன்னதைக் கேட்டுப்போட்டு அவர் தலையை நிமித்தேல்லை. அதோட எனக்கு விட்டுப்போச்சு. நீ காரணமில்லை.”

பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் இருந்து, போ என்று கையைக் காட்டினார். அவர் சொன்னது முழு உண்மையா, அல்லது என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகச் சொன்னதா? “நல்ல ஆள்தான்” என்றபோது அவர் குரலில் இருந்தது என்ன? அடுத்த முறை கேட்கலாம் என்று வீட்டுக்கு நடந்தேன். அடுத்த முறை வரவில்லை. மூன்று வாரத்தில் சந்திராவின் அழைப்பு வந்தது.

அடக்கம் முடிந்த நாலாம் நாள், நானும் செல்வியும் எங்கள் கட்டிலைக் கழற்றினோம். நத்தார் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அனெட் அந்த அறைக்குப் போனாள். நாங்கள் ஹோலில் மெத்தை போட்டுப் படுக்கிறோம். வருகிறவர்கள் ஏதாவது நினைக்கக்கூடும். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று பலர் கேட்டீர்கள். அவர் படமோ செபமாலையோ அல்ல. அவற்றைச் சந்திராவுக்கும் பாமசிப் பெண்களுக்கும் கொடுத்துவிட்டோம். பிள்ளையைவிடத் தாழ்வாக இருந்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கத்தை வைத்திருக்கப் பார்க்கிறேன். அது எனக்கு இலகுவாக வருவதில்லை. போன சனிக்கிழமை பின்னேரம் அனெட்டின் அறையில் தரையில் இருந்து, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல நேரமெடுத்தாள். குறுக்கே பேச நாலைந்து தடவை வாயெடுத்தேன், பேசவில்லை.

“எனக்குப் பயமில்லை, அப்பா” என்றாள். “உங்களுக்குத்தான்.”

ஓம், எனக்குத்தான் என்றேன்.