‘பார்த்தது’ என்ற இடத்தில் ஒரு கோடு

செல்வி அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அப்பா. காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “நம்ம கடையில டிபன் பாக்ஸ் வாங்குமே, ஊரிகத்துப் பொண்ணு, கேமரா மாட்டிக்கினு ஸ்கூட்டர்ல போவுமே, அது டெங்குல போயிடுச்சாம். பாவம்,” என்றார். நான் அழவில்லை. அந்த அக்காவை எனக்கு அதற்குமேல் தெரியாது என்று அவர் நம்பியிருந்தார். தட்டில் இருந்ததை முழுவதும் விழுங்கினேன்.

அக்காவின் நண்பர்களான நீங்கள், அஞ்சலிக் கூட்டத்தில் அவர் எடுத்த படங்களை வைப்பதாகவும், பழகியவர்கள் எழுதித் தந்தால் வாசிப்பதாகவும் எங்கள் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். கூட்டத்துக்கு அப்பாவும் வருவார். இப்போது அடுத்த அறையில் தூங்குகிறார். அவர் இருமினால் என் பேனா நின்றுவிடுகிறது.

அக்கா தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர். ஒருநாள் கடையில் கேமராவைத் திறந்து பேத்தமங்களா ஏரிப் படங்களைக் காட்டினார். எல்லாம் நாரைகள். “அக்கா, இந்த மூலையில மரத்து மேல ஒண்ணு குந்தினு கீது பாருங்க,” என்றேன். பெரிதாக்கிப் பார்த்தார். விராலடிப்பான். குளிர்காலத்தில் மட்டும் வந்து மீன் பிடித்துத் தின்னும் பெரிய பறவை. அதைத் தேடித்தான் அவர் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாராம். “என் மூக்குக் கண்ணாடி, கேமராக் கண்ணாடி ரெண்டும் வேஸ்ட்டு. இனிமே நீயும் ஏரிக்கு வந்துடு,” என்றார்.

பெண்பிள்ளை ஏரிப்பக்கம் போவதென்றாலே அப்பாவுக்கு ஆகாது. டியூஷன் என்று சொல்லிவிட்டு ஞாயிறுகளில் அக்காவின் ஸ்கூட்டரில் போனேன்.

ஒருமுறை அந்தப் பறவை எங்கள் எதிரிலேயே கால்களை நீட்டித் தண்ணீரில் விழுந்தது. மீனோடு எழுந்து, நடுவானத்தில் நாய்போல உடம்பை உதறியது. மீனின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனது. “எடுத்தீங்களா அக்கா?” என்றேன். அக்கா பட்டனையே அழுத்தவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். “வுட்டுட்டேன்டி! போவட்டும். நீ பாத்த இல்ல? அதுவும் கணக்குல சேத்திதான்.” நான் பார்த்ததை ஒரு காரியமாக அதுவரை யாரும் மதித்ததில்லை.

இன்னொரு நாள் மொட்டை மரத்தில் அது மீனைத் தின்றுகொண்டிருந்தது. பெரிய லென்ஸோடு காரில் வந்த ஒருவர் மரத்தை நோக்கி நடந்தார். அக்கா குறுக்கே போய் நின்றார்.

“இன்னா சார், சோத்துல கை வெச்சவங்கள எழுப்பலாமா?”

“போட்டோதானேம்மா எடுக்கறேன்?”

“அது சாப்ட்டு முடிக்கட்டும், அப்பறம் போங்க. பயந்து மீனைப் போட்டுட்டா திரும்ப யாரு புடிச்சுக் குடுப்பா, நீங்களா?”

“நீங்க இன்னா, அதுக்கு வக்கீலா?”

“இல்ல சார், நாங்க பந்தி விசாரிக்கறவங்க.”

அவர் சிரித்துவிட்டார். எங்களோடு புல்லில் உட்கார்ந்து, பறவை அலகைக் கிளையில் துடைக்கும்வரை காத்திருந்தார்.

அக்காவின் படங்களுக்குக் கீழே ‘எடுத்தது: செல்வி’ என்றும், அடுத்த வரியில் ‘பார்த்தது’ என்றும் எழுதியிருக்கும்; அதன் எதிரே வெறும் கோடு இருக்கும். அது யார் என்று நீங்கள் பலமுறை கேட்டீர்களாம். என் பெயரைப் போட வேண்டாம் என்று நான்தான் கெஞ்சியிருந்தேன். “சரி, போடல. ஆனா எடத்த வெச்சிருக்கேன். உனக்கு எப்ப தைரியம் வருதோ அப்ப நீயே எழுதிக்கோ,” என்றார்.

தைரியம் இன்னும் வரவில்லை, அக்கா. ஆனால் கோட்டை அப்படியே விட்டால், அந்த ஞாயிறுகளில் நீங்கள் தனியாகப் போனதாக ஆகிவிடும்.

மொட்டை மரத்தைக் கண்டால் உச்சிக்கிளையைப் பார்க்கும் பழக்கம் உங்களிடமிருந்து வந்தது. பசியோடு இருக்கும் ஒன்று தின்று முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் உங்களுடையது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

அப்பா, வாசித்து முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். அப்புறம் திட்டுங்கள்.

படம் மாட்டுகிறவர்கள் அந்தக் கோட்டின்மேல் எழுதிவிடுங்கள்.

பார்த்தது: கோமதி, பாத்திரக்கடை வீடு.