கழுவிக் கொண்டுவந்த சட்டி

“ஒன் வீட்டு அரிசி காட்டுக்குத்தான்டா போவுது!” என்று தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, காத்தமுத்துவைப் பார்த்துக் கத்திய காலையில்தான் எனக்கு இந்தத் தலைவலி தொடங்கியது.

பிள்ளைகளே, அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். பகாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கொடுப்பதும் என் வேலை. முள்கம்பி வேலிக்குள் அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். காட்டில் ஒளிந்திருந்த அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி போனதாகச் சந்தேகம் வந்தாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். பால்மரம் வெட்டும் காத்தமுத்து வீட்டிலோ அரிசி வாரம் முடியுமுன்னே தீர்ந்துவிடும். ஆளும் மெலிந்துகொண்டே போனான்.

அவன் மனைவி அஞ்சலை என்னிடம் வந்தாள். “எல்லாத்தையும் அவரே தின்னுடறாருங்க. கைலியில வெள்ளையா, பட்டையா என்னமோ நெளியுது. நான் அலசி விட்டுடறேன்.”

நாடாப்புழு. ஊரடங்குக்குமுன் அடுப்பை அணைக்கிற அவசரத்தில் பன்றிக்கறியை அரைவேக்காட்டில் தின்ற பலன். புழு வந்த எல்லாருக்கும் பசி அதிகமாவதில்லை, இவனுக்கு அதிகமாகிவிட்டது.

“காய்ச்ச இல்ல, வலி இல்ல. எனக்கு எதுக்குங்க மருந்து?” என்றான் காத்தமுத்து.

அதுதான் அந்தப் புழுவின் திருட்டுத்தனம். அந்நியமான எது உள்ளே நுழைந்தாலும் உடம்பு எதிர்த்து நிற்கும். இதுவோ மேல்தோலை ஓயாமல் புதுப்பிக்கும், நம் உடம்பின் பொருளையே மேலே ஒட்டிக்கொள்ளும், உடம்பின் காவலை மந்தமாக்கும் ஏதோவொன்றைக் கசியவிடும். நம் அடையாளக் கார்டையே காட்டிக் கேட்டைத் தாண்டுகிற ஆள் மாதிரி. இதெல்லாம் பின்னாளில் ஒரு டாக்டர் எனக்கு விளக்கியது.

பட்டினி போட்டு மருந்தும் பேதி உப்பும் கொடுத்தேன். “சட்டியிலேயே போ. அப்படியே கொண்டா. புழுவோட தலை வந்திருக்கான்னு நான் பாக்கணும். தலை தங்குனா திரும்ப வளரும்,” என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

சட்டி வந்தது. மணல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று.

“உள்ள இருந்தது எங்கடா?”

“ஐயா கையில அதக் குடுக்கலாமாங்க? நல்லாக் கழுவிட்டேன்.”

“தலை வந்துச்சா?”

“முழம் முழமா வந்துச்சுங்க. பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்.”

கிராணி சிரித்தார். “புழுவா? எங்க, காட்டுங்க பாப்போம்!” காட்ட என்ன இருக்கிறது? நான் கெஞ்சியதில் தோட்டத்துத் துரை போலீசுக்குச் சொல்லவில்லை. ஆனால் அத்தாட்சி வரும்வரை பாதி அரிசிதான் என்றுவிட்டார். காத்தமுத்துவின் மரியாதைக்காக அஞ்சலையும் பட்டினி கிடந்தாள். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

சில மாதம் போனது. உள்ளே தங்கிய தலை காய்ச்சலில்லாமல், வலியில்லாமல் மறுபடி உடம்பு வளர்த்தது. கைலியில் துண்டு விழுந்த அன்றே அஞ்சலை அதைப் பால்டின்னில் போட்டு ஆபீசுக்குப் போய்க் கிராணியின் மேசைமேல் வைத்தாள்.

“எங்க அரிசியத் தின்னவன் இவந்தாங்க. இவனப் புடிச்சிக்கிட்டுப் போகச் சொல்லுங்க லா!”

கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார். முழு அரிசி அன்றே கிடைத்தது.

மறுபடி மருந்து கொடுத்தபோது அஞ்சலை சட்டியைப் புருஷன் கையில் விடவேயில்லை. அதில் தலை இருந்தது, குண்டூசிக் கொண்டை அளவுக்கு. இத்தனை பாடும் அதற்காக!

ஆகவே பிள்ளைகளே, கறியை நன்றாக வேகவையுங்கள். வலி இல்லாததால் நோயும் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். டிரஸ்ஸர் சட்டியைக் கேட்டால், அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தயவுசெய்து கழுவாதீர்கள்.