அமாவாசையில் அளந்த கண்ணாடி

காலை ஏழு மணிக்கு வேலூரில் பேருந்து ஏறினேன். காஞ்சிபுரம் எழுபது கிலோமீட்டர். தாமல் ஏரி தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தேன். காஞ்சிபுரத்தில் எங்கள் கல்லூரித் தொலைநோக்கிக்கு இருபத்து நான்கு அங்குலக் கண்ணாடி தேய்த்துத் தரும் ஸ்டெல்லா, அமாவாசையன்றுதான் அளக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவருக்கு அமாவாசை எதற்கு?

போன மாதம் கருவி வைத்தும் அளவே கிடைக்கவில்லை. இன்றும் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவின் பதினோரு மாத உழைப்பு வீணாகிவிடும்.

8.50. பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"என்னப்பா, தெருவே தூங்குது?"

"அமாவாசை சார். இன்னிக்கு எவனும் தறியில உக்கார மாட்டான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இயற்பியல் வாத்தியாராம், வெட்கக்கேடு!

வாசலிலேயே ஸ்டெல்லாவிடம் கேட்டுவிட்டேன். வில்லை ஆலையில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுப் பின்கட்டில் பட்டறை போட்டவர் அவர். "ஆமா சார். பகல்ல தறி அடிச்சுக்கினே இருப்பாங்க, தரை அதிரும். ராத்திரில லாரி. அமாவாசைப் பகல்தான் தரை சும்மா இருக்குது" என்றார்.

முப்பத்திரண்டு கிலோ கண்ணாடி தாங்கியில் நின்றது. பதினாறு அடி தள்ளி, பெங்களூரிலிருந்து வந்த பொறியாளர் ரகு லேசர் கருவியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்குமேல் மேடுபள்ளம் கூடாது. திரையில் தெரியும் கறுப்புக் கோடுகள் அசையாமல் நின்றால்தான் அதைக் கணக்கிட முடியும்.

10.30. கோடுகள் நின்றன. மூச்சுகூட விடாமல் பார்த்தோம். திடீரென்று எல்லாம் நடுங்கின. பக்கத்துச் சுவரில் டக், டக்.

ஸ்டெல்லா ஓடினார், நான் பின்னாலேயே ஓடினேன். நெசவாளர் சீனிவாசலு தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணா, அமாவாசையும் அதுவுமா?"

"நாளன்னிக்கு முகூர்த்தம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து குந்திக்கினு இருக்காங்க. ஒரு முழம் பாக்கி."

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணா. என் பொழப்பே அந்தக் கண்ணாடியிலதான் இருக்குது."

சீனிவாசலு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பெண் வீட்டாரிடம் திரும்பி, "வாங்க, டீ சாப்ட்டு வருவோம்" என்று குழியிலிருந்து ஏறினார். அந்தப் புண்ணியவான் நன்றாயிருக்கட்டும்!

11.45. ரகு மூன்று முறை அளந்தார். மேடுபள்ளம் அந்த ஒரு கூறில் பாதிகூட இல்லை!

"மேடம், இது பாஸ் இல்ல, டிஸ்டிங்ஷன்!"

ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தார். சுவரேறிக் குதிக்காத குறையாகக் கத்தினார்: "அண்ணா, இனிமே எவ்ளோ வேணா அடிங்க!" தறி ஆரம்பித்தது. திரையில் கோடுகள் ஆட்டம் போட்டன. ரகுவே கைதட்டிவிட்டார்.

மதியம் கண்ணாடியை வேனில் ஏற்றுமுன் ஒன்று கேட்டேன். எங்கள் ஆய்வகத்தில் எந்தக் கருவியைத் திருப்பினாலும் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்தான் இருக்கும். இதன் முதுகில் உங்கள் பெயரைப் பொறித்துக் கொடுங்கள் என்றேன்.

"போங்க சார், வெக்கமா இருக்குது."

நான் விடவில்லை. வைரமுனைப் பேனாவை எடுத்தவர் பெயர், ஊர், தெரு, கதவு எண் என்று எழுதிக்கொண்டே போனார்.

"இவ்வளவு எதுக்கும்மா?"

"அடுத்த ஆளு தேடிக்கினு வரணும் இல்ல சார்?"