சுருங்காத நுரை

சினிமாக்காரர்கள் அவளை அச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த லைட்மேன்களுக்கும் அவள் அக்காதான். பேயோ அரக்கனோ வேற்றுக்கிரகத்து ஜந்துவோ, எதுவானாலும் அதன் தோல் அவளுடைய பட்டறை அச்சிலிருந்து உரிந்து வரவேண்டும். அந்தத் தோலுக்குள் புகுந்து நடிப்பவர் அவள் கணவர். அவருக்குப் பெயர் பூதம். "பூதம் சார், சாப்டாச்சா?" என்று கேட்பார்கள், அவரும் கூச்சநாச்சமில்லாமல் "ஆச்சுப்பா" என்பார். திரையில் ஊரையே நடுங்கவைத்த மனிதர், வீட்டில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். அவர் நடிகர் என்பதை மட்டும் வீட்டுக்காரம்மா நம்பவே இல்லை. "எந்தப் படத்துலயும் உங்க மூஞ்சியக் காணோமே" என்று வாடகை வாங்கும்போதெல்லாம் கேட்டுவிட்டுப் போவாள்.

பட்டறை மூலையில் அவருடைய உடம்பு நின்றது. கல்யாணமான புதிதில் அவரை அரை டிராயரோடு நிறுத்தி, கழுத்திலிருந்து கணுக்கால்வரை பிளாஸ்டர் துணி சுற்றி எடுத்த உருவம். மூக்கு அரிக்கிறது என்று கெஞ்சியும் கையை அசைக்க விடவில்லை. வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று அவர் பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். எந்தப் படம் வந்தாலும் அந்த பிளாஸ்டர் உடம்பின் மேல்தான் களிமண்ணை அப்பிச் செதிலும் முள்ளும் திமிலும் வைப்பாள். அதற்கு வெளி அச்சு எடுத்து, களிமண்ணை வழித்துவிட்டு, அந்த இடைவெளியில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து ஊற்றி, பெரிய அடுப்பில் வேகவைத்தால் உடை தயார்.

வேகும்போது நுரை கொஞ்சம் சுருங்கும். அதைக் கணக்குப் பண்ணிக் களிமண்ணைச் சற்று தாராளமாக வைப்பாள். அப்படியும் உடை இறுக்கமாகத்தான் வரும். உடம்பெல்லாம் பவுடரைக் கொட்டி, இரண்டு பேர் சேர்ந்து அவரை உள்ளே திணிக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் புகுவதைப் பார்த்து யூனிட்டே சிரிக்கும்.

பல்லி ராஜா வந்த படத்தில்தான் முதன்முதலாக உடை தோளில் தொளதொளவென்று நின்றது. பவுடரே தேவைப்படவில்லை, சட்டை போடுவதுபோல் மாட்டிக்கொண்டார். ஒரு தையல்காரராக இருந்தால் முதலில் ஆளை ஏற இறங்கப் பார்த்திருப்பார். அச்சக்கா நுரையைப் பார்த்தாள். இந்தச் சரக்கு சுருங்கவில்லை என்று முடிவு கட்டினாள். ரப்பர் கடைக்காரரை போனில் பிடித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். தன் கைவேலை பிசகியது கணவருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று, அவர் இல்லாத நேரம் பார்த்துத் தோளின் உட்புறத்தில் பஞ்சு வைத்துத் தைத்தாள். அடுத்து வந்த கடலரக்கன் படத்தில் இடுப்பு நிற்கவில்லை. அங்கேயும் பஞ்சு வைத்தாள். கோளாறு நுரையில்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினாள்.

உள்ளதைச் சொல்ல ஒருத்தி வந்தாள். அவள் நாத்தனாராகப் போய்விட்டதுதான் பிரச்சினை. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "என்ன அண்ணி, அண்ணன் இப்படி எளச்சுப் போய்க் கெடக்காரு? வீட்ல சோறு கீறு ஆக்குறீங்களா இல்லையா?" என்றாள்.

"உங்க அண்ணன் வாய்க்கு நான் பூட்டா போட்டுருக்கேன்?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டா இப்படி எரிஞ்சு விழுறீங்களே."

பேச்சு எங்கெங்கோ போய், கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதில் வந்து முடிந்தது. நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அவள் சொன்னதில் முதல் பாதியை அச்சக்கா யோசித்தே பார்க்கவில்லை. குத்திக்காட்டியது மட்டும் நெஞ்சில் நின்றது.

அடுத்தது கல் மனிதன். தண்ணீரில்லாத ஒரு கிரகத்தில் பாறையிலிருந்து எழுந்து வருகிற ராட்சதன். ஒத்திகைக்கு அந்த உடையை மாட்டியபோது அவர் உள்ளே எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. அச்சக்கா மறுபடியும் ரப்பர் கடைக்கு போன் போட்டாள்.

"அதே சரக்குதான்க்கா. மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்காத்தான் சுருங்குது. உங்களுக்கு மட்டும் என்னவோ ஆகுது" என்றார் கடைக்காரர்.

போனை வைத்தாள். பிறகு உடையின் முதுகைத் திறந்து, மூலையில் நின்ற பிளாஸ்டர் உடம்பில் மாட்டிப் பார்த்தாள். இத்தனை நாளாக அதைச் செய்யத் தோன்றவில்லையா, செய்யப் பயந்தாளா என்பது அவளுக்கே வெளிச்சம். உடை கச்சிதமாகப் பொருந்தியது. தோளில், மார்பில், இடுப்பில், எங்கேயும் ஒரு விரல்கூட நுழையவில்லை. நுரை எப்போதும்போல் ஒழுங்காகச் சுருங்கியிருந்தது. பிளாஸ்டர் சுருங்குகிற பொருள் இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேவிட்டாள். "ஏங்க, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"என்ன பண்ணுது? உள்ள ஒரு மனுஷன் வெந்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் வேர்வையாப் போகுது. கொழுப்பு கரையுதேன்னு சந்தோஷப்படு."

"வெளையாடாதீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்."

"இந்தப் படம் முடியட்டும். நடுவுல விட்டுட்டுப் போனா அடுத்த படத்துக்கு வேற பூதத்தத் தேடிக்குவாங்க. மூஞ்சி தெரிஞ்ச நடிகனா இருந்தா காத்திருப்பாங்க. நமக்கு யாரு காத்திருக்கா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளும் சரி என்றாள். மாரிலும் கழுத்திலும் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது.

படப்பிடிப்பில் கல் மனிதன் இருமினான். வீட்டில் தொண்டையைச் செருமக்கூடத் தயங்குகிற மனிதர், உடைக்குள் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் அடக்கி வைத்ததையெல்லாம் அங்கே இருமினார். ரப்பர் தோலைத் தாண்டி அது பாறை உருள்வதுபோல் வெளியே வந்தது. அச்சக்கா தம்பி என்று கூப்பிடுகிற இளம் டைரக்டர் துள்ளிக் குதித்தார். "சார், அந்த உறுமல்! எங்க புடிச்சீங்க அத? இன்னொரு டேக், இன்னொரு டேக்!" என்றார். ஒலிப்பதிவுக்காரர் மைக்கைக் கல் மனிதனின் வாய்க்குள்ளேயே செருகினார். நடை தள்ளாடியதையும் பாராட்டினார்கள். மூன்று கேமராக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்க்கிற கும்பலில் ஒருவருக்காவது உள்ளே இருக்கிற ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. அச்சக்கா மட்டும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். ஒவ்வொரு உறுமலுக்கும் அவள் கை தானாகத் தன் மாரைப் பிடித்தது.

கடைசி நாள், சாப்பாட்டு இடைவேளையில் அவர் முதுகு ஜிப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து துண்டுகள் விழுந்தன. ஒன்று, இரண்டு, இன்னும் இன்னும். எல்லாம் வீட்டில் காணாமல்போன துண்டுகள். அவற்றுக்காகச் சலவைக்காரரோடு அவள் தெருவில் நின்று சண்டை போட்டிருந்தாள். அவள் பஞ்சு வைத்தும் நிறையாத இடத்தையெல்லாம் அவர் துண்டுகளைச் சுற்றிச் சுற்றி நிறைத்திருந்தார். அவற்றுக்கு நடுவே விலா எலும்புகள் துருத்திக்கொண்டு நிற்க, ஒரு சின்ன மனிதர் நின்றார்.

"என்னங்க இது?" என்றாள்.

"உன் உடை நல்லா இல்லன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல" என்றார் அவர்.

அவள் வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு டைரக்டர் தம்பி எட்டிப் பார்த்தார். "அக்கா, ஒரே ஒரு ஷாட்தான் பாக்கி. கல் மனுஷன் குப்புற விழுந்து சாகுற ஷாட். முடிச்சுட்டு எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

"மாட்டி விடு. விழத்தானே போறேன்" என்றார் பூதமும்.

அச்சக்கா கருவிப் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தாள். கல் மனிதனைக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

"ஐயோ அக்கா! என்ன பண்றீங்க?"

"செத்துட்டான்னு எழுதிக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, கணவருக்குச் சட்டையை மாட்டிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் படமெடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வா போ என்று அலையவிட்டார்கள். கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். "நுரையீரல்ல இருக்கு. ரெண்டு பக்கமும்."

பூதம் மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "நீ சொன்னது சரிதான். கோளாறு நுரையிலதான்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கிற விஷயம் இல்லை என்பதை மட்டும் அவர் முகம் சொன்னது. "எப்போலேருந்து எளைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இப்பத்தான், ஒரு மாசமா இருக்கும்" என்றார் பூதம்.

"இல்ல டாக்டர்." அச்சக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "போன வருஷம் மழைக்கு முன்னாடி தோள்பட்டை ஒரு விரல் அளவு எளச்சுது. வெயில் ஆரம்பிக்கிறப்ப இடுப்பு. அப்ப மூணு விரல். அதுக்கப்புறம் மாரும் கழுத்தும் ஒண்ணா எறங்கிச்சு. எடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி."

டாக்டர் எக்ஸ்ரேயின் இடது பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவ்ளோ சரியா சொல்றீங்க. ஏம்மா, போன வருஷமே கூட்டிட்டு வந்திருந்தா..."

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்" என்றார் பூதம் அவசரமாக. "எல்லாத்தையும் நான்தான் மறைச்சேன். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது."

"தெரியும்" என்றாள் அச்சக்கா. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"எளச்ச எடத்துக்கெல்லாம் நாந்தான் பஞ்சு வச்சுத் தச்சேன்."